நகம் பார்க்கிற வேலை

ஜூலை 8, திங்கள்

காலையில் விடுதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியோடு கீழே போய் வந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராக மாடு பார்த்த காலத்தில் வராத வலி, படிக்க வந்த ஒரே வருடத்தில் வந்துவிட்டது. கால்நடைத் துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு நாற்பத்தெட்டு வயதில் முதுநிலைப் படிப்புக்கு வருகிறவள், காற்று வரும் என்று முதல் மாடி அறையைக் கேட்டு வாங்கியிருக்கக் கூடாது.

மாலையில் இளநிலை மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அறைக்கு வந்தாள். பெயர் சுகிர்தா. நாங்குநேரிப் பக்கம். போன வாரம்தான் மாணவர் மன்றச் செயலாளராக ஜெயித்திருக்கிறாளாம். முதுநிலை மாணவர்கள் சார்பில் மன்றத்தில் ஒரு பிரதிநிதி வேண்டும், நீங்கள் இருங்கள் என்றாள்.

"வேற யாருமே கிடைக்கலையா?"

"கேட்டோம் மேடம். எல்லாரும் தீசிஸ் இருக்குன்னுட்டாவ."

"எனக்கும்தான் இருக்கு."

"இருக்கும். ஆனா நீங்க சொன்னா ஹெச்.ஓ.டி. கேப்பாருல்லா? அவரு படிக்கும்போது உங்களுக்கு ஜூனியராம்லா."

அது உண்மை. துறைத் தலைவர் நல்லசிவம் எனக்கு இரண்டு வருடம் இளையவர். அந்தக் காலத்தில் என்னிடம் நோட்டு வாங்கிப் படித்தவர். இப்போது அவர் எனக்கு 'சார்', நான் அவருக்கு 'மேடம்'. இருவருக்கும் சங்கடம் என்பதால் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிற மாட்டைப் பார்த்தபடி பேசிக்கொள்வோம்.

யோசிக்கிறேன் என்றேன். மறுப்பதற்கு நான் வைத்திருக்கும் சொல் அது. அவளுக்கு அது தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை 11

ஒப்புக்கொண்டுவிட்டேன். மூன்று நாளும் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, சும்மா ரசம் குடித்தாள்.

கரூருக்கு, வீட்டுக்காரரிடம் பேசினேன். அவருக்கு ஒரே சிரிப்பு. "இந்த வயசுல ஸ்டூடண்ட் லீடரா? பவளம் வேலையைக் காட்டுது பாத்தியா மங்கை."

நான் படிக்கக் கிளம்பும் முன் என் ஜாதகத்தில் செவ்வாய்க்குப் பலம் போதவில்லை என்று யாரோ சொல்லி, அவர் செய்து போட்ட பவள மோதிரம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லை என்று விளக்குவதைவிடப் போட்டுக்கொள்வது சுலபம். இப்போது விரல் பருத்துவிட்டது, கழற்ற வரவில்லை. கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் ஒன்று லேசாக எழும்பித் துண்டில் நூலை இழுக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

மன்றக் கூட்டம். விஷயம் ஒன்றே ஒன்றுதான். சுகிர்தா தேர்தலில் ஜெயித்ததே அந்த ஒரு வாக்குறுதியில்தான் என்று இன்று தெரிந்தது: சினைப் பரிசோதனைக்குக் கூடுதல் பயிற்சி நேரம்.

மாட்டின் ஆசனவாய் வழியே தோள்வரை கையை விட்டு, குடலுக்குக் கீழே இருக்கும் கருப்பையை விரலால் தடவி, சினையா இல்லையா, எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டும். கண்ணுக்கு அதில் வேலை இல்லை, கை தானாகத்தான் படிக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை, சில நிமிடம்தான் வாய்க்கிறது. அதற்குள் கருப்பையைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

"ஊர்ல போய் உக்காந்த உடனே மாட்டுக்காரரு சினையான்னு கேப்பாரு," என்றாள் சுகிர்தா. "நான் என்ன, ஜோசியமா சொல்லுதது?"

"சொல்லலாமே. பாதிக்குப் பாதி சரியா வரும்," என்றான் இளம்பரிதி. மன்றத்தின் பொருளாளர், எதற்கும் சிரிக்க வைக்கிறவன். சுகிர்தா சிரிக்கவில்லை.

"போன தடவை பரீட்சையில நான் அதைத்தான்ல செஞ்சேன். மூணு மாசம்னு சும்மா அடிச்சு விட்டேன். சரியா இருந்துட்டு. பாஸ். வெளிய வந்து அழுதேன்."

முதல்வருக்கான மனுவை நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். கையுறைகளின் தரத்தைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன். எனக்கு அடிக்கடி கிழிகிறது.

"எங்களுக்கு அவ்வளவா கிழியலையே மேடம்?" என்றான் இளம்பரிதி.

நீங்கள் அவ்வளவாகப் போடுவதில்லை என்றேன்.

ஆகஸ்ட் 2

முதல்வர் அறையில் கூட்டம். எனக்கு இந்த மாதிரி அறைகளில் நம்பிக்கை குறைவு. அங்கே ஒரு சரி என்றால், அதற்குப் பின்னால் தவணையாக நான்கு இல்லைகள் வரும். இன்று ஆச்சரியமாகச் சரி மட்டுமே வந்தது, நிபந்தனைகளோடு. செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஆறு மணிவரை. சினையில்லாத மூன்று பயிற்சி மாடுகள் மட்டும். ஒரு நாளில் ஒரு மாட்டுக்கு நான்கு பேருக்கு மேல் கை விடக் கூடாது. முழு நேரமும் நான் உடனிருக்க வேண்டும். மாட்டுக்கு ஏதாவது ஆனால் விசாரணை, பயிற்சி ரத்து.

"நீங்க இருக்கீங்கன்னுதான் மேடம் கையெழுத்துப் போடறேன்," என்றார் நல்லசிவம், ஜன்னலைப் பார்த்து. அங்கே மாடு இல்லை.

வெளியே வந்ததும் சுகிர்தா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். எனக்குக் கை குலுக்கும் பழக்கம் இல்லை. மோதிரம் குத்தியிருக்கும்போல, "ஆ" என்று உதறிக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் மாலை. தொழுவத்தின் கேட்டில் நின்று ஒவ்வொருவரின் கையையும் நானே பார்த்தேன். நகம் சதையோடு ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வளையல், மோதிரம், கடிகாரம், கயிறு எதுவும் கூடாது. இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பினேன். இளம்பரிதியின் கையில் குலதெய்வக் கோயில் கயிறு. அறுக்க மாட்டேன் என்றான். அப்படியானால் உள்ளே வராதே என்றேன்.

"சாமி கோவிச்சுக்கும் மேடம்."

"மாட்டோட குடல் சாமி பாக்காது."

அறுத்துவிட்டு வந்தான். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். மாடு முக்கி இறுக்கினால் கை அசையக் கூடாது. இழுக்கக் கூடாது, தள்ளவும் கூடாது. அது தளர்த்தும்வரை உள்ளேயே சும்மா இருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும்.

மூன்று மாடுகளில் மூத்த ஜெர்சிக் கலப்புக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் டீச்சர். ஏழெட்டு வருடமாகக் கல்லூரியில் படித்த எல்லோரும் அதன் வயிற்றில்தான் தொடங்கியிருக்கிறார்கள். கை விடும்போது அசை போடுவதைக்கூட நிறுத்தாது.

ஆகஸ்ட் 9

மழை. பயிற்சி நடந்தது. கையுறை கிழிந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று சுகிர்தாவுக்குக் கருப்பையின் இரண்டு கொம்புகளும் பிரியும் இடம் கிடைத்தது. டீச்சரின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்துகொண்டு, யாரோ தூரத்தில் பேசுவதைக் கேட்பதுபோல. "மேடம், இங்கன பிரியுது. இந்தா, இங்கன." எனக்குத் தெரியாதா, இருபத்திரண்டு வருடமாக. ஆனாலும் சரி என்றபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

திரும்பி வரும்போது இளம்பரிதி, "மேடம், சிரிச்சீங்க. எல்லாரும் பாத்தோம்," என்றான்.

அப்படியெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 23

சோப்பு, தேங்காய் எண்ணெய், நூல் சுற்றி இழுப்பது எல்லாம் செய்து பார்த்தேன். வரவில்லை. நகைக் கடையில் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்து அறைப் பெண் சொல்கிறாள். வெட்டினால் கரூரில் ஒரு மாதத்துக்கு அதே பேச்சாக இருக்கும். இத்தனை வருடமும் கையில் ஏதாவது ஒரு மோதிரத்தோடுதான் மாடு பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. தேர்ந்த கைக்கும் புதுக் கைக்கும் வித்தியாசம் உண்டு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலையில் ஆய்வுக்கூடம். மதியம் துணி துவைத்தேன். மாலையில் பயிற்சி.

டீச்சருக்கு நான்கு பேர் முடிந்தது. கடைசியாகக் கை விட்டவள் சுகிர்தா. எடுத்த பிறகும் போகாமல் நின்றாள். "மேடம், இடது சினைப்பையில என்னமோ உருண்டையா இருக்கு. போன வாரம் இல்ல. எனக்குத் தோணுதா, நெசமாவே இருக்கான்னு தெரியல. பாத்துச் சொல்லுங்களேன்."

மற்றவர்கள் கையைக் கழுவப் போய்விட்டிருந்தார்கள். கையுறையைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடு முக்கியது. ஆறு தாண்டிவிட்டதால் தொழுவக்காரர் கேட்டில் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். கையை எடுத்துவிட்டேன்.

கையுறை கிழிசல். சாணத்தில் நூல் போலக் கொஞ்சம் சிவப்பு.

"மேடம், ரத்தம்."

"இத்தனை பேர் கை விட்டா லேசா வரும். போய்க் கையைக் கழுவு."

உருண்டை என்ன என்று சொல்ல மறந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் உப்பு அதிகம். வார்டனிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 31

டீச்சர் தீவனம் எடுக்கவில்லையாம். முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. காய்ச்சல். நல்லசிவம் ஊசி போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 1

நான் போனபோது சுகிர்தா தொழுவத்தில் உட்கார்ந்திருந்தாள். மாடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டால் முனகுகிறது. அசை இல்லை. ஒரு பக்கெட் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். மாடு குடிக்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

விடியும்போது இறந்துவிட்டது. பத்து மணிக்குப் பிரேதப் பரிசோதனை. நோய்க்குறியியல் பேராசிரியை செய்தார். மூன்றாம் ஆண்டு முழுக்க வந்து நின்றது. வயிற்றறை முழுக்கச் சீழ். மலக்குடலின் மேல்பக்கச் சுவரில் ஒரு கிழிசல், சிறியது, நேர்க்கோடாக.

"விரலால அழுத்திக் கிழிஞ்சா இப்படி இருக்காது. ஓரம் பிய்ஞ்சிருக்கும்," என்றார் அவர். "இது கூரான ஏதோ ஒண்ணு. நகம். இல்லாட்டி வளையல், மோதிரம்."

சுகிர்தா எனக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். நான் ஏப்ரனுக்குள் கையை வைத்திருந்தேன். அந்த அறையில் எப்போதும் குளிர்.

இடது சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தது. எலுமிச்சம்பழ அளவு.

செப்டம்பர் 3

நாளை விசாரணை. சாயங்காலம் சுகிர்தா அறைக்கு வந்தாள். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன், கை வாளிக்குள் இருந்தது. கதவருகே நின்றே பேசினாள்.

"நாளைக்கு என்ன மேடம் சொல்லப் போறீங்க?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுவேன்."

"கேட்டுல எங்க எல்லார் கையும் நீங்க பாத்தீங்க. உங்க கைய யாரும் பாக்கல. அது எங்க தப்பும்தான்."

நான் சட்டையைப் பிழிந்தேன்.

"எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனை மேடம். பிராக்டிஸுக்குப் பொறுப்பு நீங்க. உங்க மேல வந்துச்சுன்னா மொத்தமா இழுத்து மூடிருவாவ. என் மேல வந்துச்சுன்னா ஒரு ஸ்டூடண்ட் செஞ்ச தப்பு. எனக்கு மட்டுந்தான். மத்தவங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் இருக்கும்லா." கொஞ்ச நேரம் நின்றாள். "நீங்க என்ன நினைக்கீங்க மேடம்?"

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சென்றது. அதற்கு எண்ணெய் போடச் சொல்லி எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தாயிற்று.

யோசிக்கிறேன் என்றேன்.

இந்த முறை அவளுக்குப் புரிந்தது. "சரி மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.

செப்டம்பர் 4, புதன்

முதல்வர், நல்லசிவம், நோய்க்குறியியல் பேராசிரியை. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"கேட்டுல கை சோதனை நடந்துதா மேடம்?"

"ஒவ்வொரு கையையும் நானே பார்த்தேன் சார்."

"மோதிரம், வளையல்?"

"எந்த மாணவரும் போட்டிருக்கவில்லை."

"டீச்சருக்கு, அதாவது அந்த மாட்டுக்கு, அன்னிக்குக் கை விட்டது யாரு?"

நான்கு பெயர்களைச் சொன்னேன்.

"நாலாவது?"

"சுகிர்தா."

நல்லசிவம் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வேறு யாராவதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

சுகிர்தாவைக் கூப்பிட்டபோது என்னையும் இருக்கச் சொன்னார்கள். நகம் வெட்டியிருந்தாயா என்றதற்கு வெட்டியிருந்தேன் என்றாள். மோதிரம் இல்லை என்றாள்.

"பிறகு எப்படிம்மா கிழியும்?"

"மாடு முக்கிச்சு சார். நான் பயந்து இழுத்துட்டேன். சரியா வெட்டாத நகம் ஏதும் இருந்திருக்கும்."

"முக்கினா இழுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லித் தந்தாங்களா, இல்லையா?"

"சொல்லித் தந்தாவ சார். மொத நாளே சொன்னாவ."

என்னைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்தே சொன்னாள். நன்றாகப் பேசுகிற பெண். செயலாளர் பதவிக்குப் பொருத்தமானவள் என்று நான் எப்போதுமே நினைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7

பிள்ளையார் சதுர்த்தி. மெஸ்ஸில் கொழுக்கட்டை. எனக்கு எதிர் இருக்கை காலி.

செப்டம்பர் 10, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. சுகிர்தா ஒரு பருவத்துக்கு இடைநீக்கம், மன்றப் பதவியும் இல்லை. ஒரு பருவம் விட்டால் அடுத்த வருடம்தான் சேர முடியும், கீழ் வகுப்போடு.

இரண்டாவது பத்தியில், மாலைப் பயிற்சி நிரந்தரமாக ரத்து. உயிருள்ள மாடுகளில் கூடுதல் பயிற்சி இனிக் கிடையாது, ரப்பரில் செய்த மாதிரி உருவம் ஒன்று வாங்கப்படும்.

நல்லசிவத்திடம் போனேன். தவறு ஒரு மாணவியுடையது என்று நீங்களே எழுதியிருக்கும்போது பயிற்சியை ஏன் ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"அது அன்னிக்கே எடுத்த முடிவு மேடம். மாடு செத்த அன்னிக்கே. விசாரணை சும்மா ஒரு நடைமுறை." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மேல ஒரு வரிகூட வராம பாத்துக்கிட்டேன். இன்னும் பன்னெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, எதுக்கு?" என்றார்.

முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நன்றி சார் என்றேன்.

மாலையில் கரூருக்குப் பேசினேன். மாடு செத்தது, ஒரு பெண் மீது நடவடிக்கை என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"நல்லவேளை, உன் தலையில விழல. பவளம்தான் காப்பாத்தியிருக்கு. கழட்டிடாத மங்கை."

செப்டம்பர் 14, சனி

சுகிர்தா ஊருக்குக் கிளம்பினாள். அப்பா வந்து கூட்டிப்போவார் என்று நினைத்திருந்தேன். வரவில்லை, அவருக்கு இவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று இளம்பரிதி சொன்னான். அவன்தான் பெட்டியைத் தூக்கி வந்தான். நான் தபால் போட வேண்டியிருந்ததால் பேருந்து நிறுத்தம்வரை போனேன்.

மூன்று பேரும் நின்றோம். இளம்பரிதி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகப் போனான். விசாரணை நடந்த அன்றிலிருந்து அவன் என்னிடம் தமாஷ் பேசுவதில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

நான் தயாராக இருந்தேன். எதற்குத் தயாராக இருந்தேன் என்று எழுத முடியவில்லை.

"அன்னைக்கு இடது பக்கம் உருண்டையா இருந்துச்சுல்லா? அது என்னன்னு நீங்க சொல்லவே இல்ல. போஸ்ட்மார்ட்டத்துல நான் நின்ன பக்கம் தெரியல."

"நீர்க்கட்டி. எலுமிச்சம்பழ அளவு."

"நெசமாவே இருந்துச்சா?"

"இருந்தது. நீ தொட்டது சரி."

அவள் தன் இடது கையைத் தூக்கி, விரல்களை ஒரு முறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அப்போ எனக்குக் கை வந்துட்டு மேடம்," என்றாள். முகம் அப்படியே அந்த ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமைபோல இருந்தது. பிறகு அது போய்விட்டது.

பேருந்து வந்தது. சொல்ல வேண்டியது என்று ஒன்று இருந்திருந்தால் அதற்கு அப்போதும் நேரம் இருந்தது. நடத்துநர் பெட்டியை மேலே போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை.

தபால் எதுவும் இல்லை என்பது திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

ஐந்து மணிக்குத் தொழுவத்துப் பக்கம் நடந்தேன். கேட் பூட்டியிருந்தது.

அக்டோபர் 3

புதிய செயலாளர் தேர்வு. யாரும் முன்வரவில்லை, நியமித்தார்கள். என்னைப் பிரதிநிதியாகத் தொடரச் சொன்னார்கள். யோசிக்கிறேன் என்றேன். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

ரப்பர் மாடு வந்துவிட்டது. பின்பாதி மட்டும், கறுப்பு வெள்ளைப் பெயின்ட் அடித்து, இரும்புக் காலில் நிற்கிறது. முதல்வர் நாடா வெட்டினார். புகைப்படத்துக்காக முதலில் கை விட்டுக் காட்ட முதுநிலைப் பிரதிநிதியைக் கூப்பிட்டார்கள்.

கையுறை போட்டுக்கொண்டேன். உள்ளே சூடு இல்லை. எதுவும் இறுக்கவில்லை, தளர்த்தவும் இல்லை. கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் கருப்பை இருந்தது, எவர் தேடினாலும் கிடைக்கும்படி. வெளியே எடுக்கும்போது மேல்பக்கம் எதிலோ மாட்டி விட்டது. பார்த்தால் மோதிர விரலில் கையுறை கிழிந்திருந்தது.

"சப்ளையே சரியில்ல மேடம்," என்றார் நல்லசிவம்.

"ஆமாம் சார். மனுவிலேயே எழுதியிருந்தேன்."

வரிசை நின்றது. முதல் ஆளாக இளம்பரிதி. கேட்காமலேயே இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினான். நீட்டிவிட்டு என் கையைப் பார்த்தான். நானும் அவன் கையை மட்டுமே பார்த்தேன். கயிறு இல்லை. நகம் ரத்தம் கட்டுமளவுக்கு ஒட்ட வெட்டியிருந்தது.

சரி, போ என்றேன். அடுத்த கையைப் பார்த்தேன்.